அண்ணனை ஏன் மடத்தில் உட்கார வைக்கவில்லை

எங்கள் அண்ணனின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், தெருக்காரர்களுக்கும், மடத்து அன்பர்களுக்கும் வணக்கம்.

இந்த ஓராண்டில் உங்களில் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். சிலர் வாய்விட்டுக் கேட்டீர்கள், சிலர் எங்களோடு பேசாமல் இருந்து கேட்டீர்கள். தகப்பனாரை மடத்தில் சமாதி வைத்த குடும்பம். நாற்பது ஆண்டுகளாக அந்த மடத்துக்கு விளக்கேற்றிய மனிதர். அவரை ஏன் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய்த் தீ வைத்தீர்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. தங்கை என்ற முறையில் நான் பதில் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். "உனக்குத்தான் தேதியோட எல்லாம் ஞாபகம் இருக்கும். கூட்டாம கொறைக்காம எழுது" என்றார். அப்படியே எழுத முயல்கிறேன்.

அண்ணன் ஆரணியில் பிறந்து ஆரணியிலேயே வாழ்ந்தவர். மூத்தவர் அவர், கடைசி நான். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அப்பா போனபோது அண்ணனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அன்று முதல் அப்பாவின் தறிக்குழியில் அண்ணன் இறங்கினார். பட்டுச் சேலை நெய்தார். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் முடியும்போது புதுப் பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அந்த வேலைக்கு முள்ளிப்பட்டிலிருந்தெல்லாம் வந்து அவரை அழைத்துப் போவார்கள். கண்ணமங்கலத்தில் பெண் எடுத்தார். ஒரே மகன் முரளி, இப்போது ஒரகடத்தில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். என்னைப் படிக்க வைத்து அஞ்சலகத்தில் சேர்த்துவிட்டதும் அண்ணன்தான். தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றும் வேலை என்னுடையது. அதிலிருந்துதான் எனக்குத் தேதிப் பைத்தியம் பிடித்தது என்று கேலி செய்வார்.

மாலையானால் ஆற்றங்கரை மடத்தில் விளக்கேற்றிவிட்டு, வந்திருப்பவர்களோடு வேதாந்தம் படிப்பார். யாராவது பயம் என்று வந்தால், "பயப்படறவன் யாருன்னு உள்ள பாரு, பயம் போயிடும்" என்பார். அதைக் கேட்டுத் தெளிந்து போனவர்கள் உங்களில் பலர் உண்டு. அவரே கடைசி ஏழு மாதமும் பயந்துகொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

அப்பா இறக்கும் தறுவாயில் ஆபத் சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்பது எங்கள் வீட்டு வரலாறு. உயிர் போகும் நேரத்தில் குருவின் கையால் காவி வாங்கி, வீடு, பெயர், பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுவிடுவது. அப்படி விட்டவரை எரிப்பதில்லை. அப்பாவை உட்கார்ந்த நிலையில் குழியில் இறக்கி, திருநீறும் உப்பும் வில்வமும் நிரப்பி, மடத்து நிலத்தில் சமாதி வைத்தார்கள். தீட்டும் கிடையாது. மறுநாளே நான் பள்ளிக்கூடம் போனேன். சந்நியாசிக்கு மகன் இல்லை, ஆகையால் திதி இல்லை. ஊரெல்லாம் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது எங்கள் வீட்டில் அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. அவர் மறைந்த நட்சத்திரத்தில் குருபூசை செய்து சர்க்கரைப் பொங்கல் கொடுப்போம். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு பங்குனியில் மடத்துக் கமிட்டியார் வாசலில் ஒரு சலவைக்கல் பதிக்க விரும்பினார்கள். ஆதி ஆசாரியரில் தொடங்கி நம் மடத்து முதல் சுவாமிகள் வரைக்கும், அதற்குப் பின்னும், குரு பரம்பரையைத் தேதியோடு பொறிக்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டார்கள். அண்ணன் என்னிடம் கேட்டார்.

இதில் நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறவள். தென்னாட்டு மடங்களின் வரலாறு என்பது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் பாதை. ஆதி ஆசாரியரின் காலத்தையே சொல்பவர்களுக்கு ஏற்ப ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். நடுவில் ஆள் கிடைக்காத இடத்தில், ஒருவருக்கே நம்ப முடியாத ஆயுளைக் கொடுத்து நிரப்பிய பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். காவி வாங்கும்போது பழைய பெயர் போய்விடும். புதுப் பெயரோ முன்னே வாழ்ந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். எந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று பிரிக்க முடியாமல் பெரிய அறிஞர்களே கைவிட்டிருக்கிறார்கள். நம் மடத்து முதல் சுவாமிகள் காஞ்சிப் பக்கமிருந்து வந்தார் என்பார்கள் சிலர். ஆந்திரத்திலிருந்து என்பார்கள் சிலர். பெரணமல்லூரில் மாடு மேய்த்தவர், தானே காவி கட்டிக்கொண்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

நானும் அண்ணனும் அவருடைய சமாதிக் கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அரிசி மாவு தடவிப் படித்தோம். அறுபது ஆண்டுச் சுற்றில் ஒரு வருடத்தின் பெயர், மாதம், நட்சத்திரம். அந்த வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது, ஆகையால் எந்தச் சுற்று என்று சொல்ல முடியாது. கிழமை இருந்திருந்தால் கணக்குப் போட்டு ஓரளவு நெருங்கலாம். கிழமை இருந்த இடத்தில்தான் கம்பிக் கதவுக்குக் கீல் அடித்திருந்தார்கள். குருவின் பெயர் எங்குமே இல்லை.

"அப்ப இவருக்கு யாரு காவி குடுத்தாங்கன்னே தெரியாதா?" என்றார் அண்ணன்.

தெரியவில்லை என்றேன்.

"குடுக்கலைன்னும் சொல்ல முடியாது இல்ல?"

இரண்டையுமே சொல்ல முடியாது என்றேன். அவர் கல்லில் ஒட்டியிருந்த மாவை மேல்துண்டால் மெதுவாகத் துடைத்தார். "பாவு பிணைக்கறப்ப ஒரு இழை வுட்டாலும் சேலை நெடுக கோடு உழும். இங்க எத்தினி இழை வுட்டுப் போச்சோ" என்றார்.

முதல் சுவாமிகளைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றே நினைத்தேன். சில நாள் கழித்து அண்ணி கூப்பிட்டார். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்றார். நான் போய் உட்கார்ந்ததும் அவர் சொன்ன வார்த்தை இதுதான்: "அப்பா சாப்பிட்டாரா இல்லியான்னு தெரியலயேம்மா."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். முதல் சுவாமிகளுக்குக் காவி கிடைத்தது உறுதியில்லை என்றால், அவர் கொடுத்ததும், அவர் வழியில் வந்தவர் அப்பாவுக்குக் கொடுத்ததும் உறுதியில்லை. அப்பா சந்நியாசி இல்லை என்றால், அவர் மகனை நம்பிச் செத்த சாதாரணத் தகப்பன். அவருக்கு மூத்த மகன் இத்தனை ஆண்டுகளாக ஒரு வாய்த் தண்ணீர் விடவில்லை.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "உலகமே பொய்னு இத்தினி வருசமா சொல்லிகினு இருந்தீங்க. இப்ப பொய்யப் பாத்துதான் பயப்படறீங்களா?" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "பொய்யின்னா இவ்ளோ பசிக்குமாடி?" என்றார்.

அப்பாவின் கடைசி நேரத்தில் உடன் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் முள்ளிப்பட்டுச் சித்தப்பா ஒருவரே. அவரைப் பார்க்கப் போனோம். அப்போதிருந்த மடத்துச் சுவாமிகள் தம் கையால் காவி கொடுத்தார் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்திருந்தோம். சித்தப்பா முதலில் ஆமாம் என்றார். பிறகு, சுவாமிகள் அன்று பெரணமல்லூரில் இருந்தார், ஆள் அனுப்பியிருந்தோம் என்றார். வருவதற்குள் உயிர் போய்விட்டதா, வந்த பிறகு போனதா என்று அண்ணன் கேட்டார்.

"சாமி வாசல்ல செருப்பு கயட்டனது ஞாபகம் இருக்குது. அதுக்கு முன்னயே நாங்க அழுதுகினு இருந்ததும் ஞாபகம் இருக்குது. பொழைக்க மாட்டான்னு அழுதமா, பூட்டான்னு அழுதமா, அதுதான் தெரியல" என்றார் சித்தப்பா.

ஆட்டோவில் திரும்பினோம். எந்த நூற்றாண்டோ தெரியாத ஒரு துறவியைப் பற்றி உறுதி கிடைக்காததை நான் ஏற்றுக்கொள்வேன். நாங்கள் பிறந்த வீட்டில், நான் பக்கத்து அறையில் இருந்தபோது நடந்ததைப் பற்றியும் அதே இருட்டு. அன்று எனக்கும் பயம் வந்தது. இன்னும் போகவில்லை.

அதன் பிறகு அண்ணனுக்கு இதயம் வீங்கியிருப்பதாக வேலூரில் சொன்னார்கள். மாடி ஏற முடியாமல் போயிற்று. திதி கொடுத்துவிடலாமே என்றேன். அதற்கும் பயந்தார். அப்பா மெய்யாகவே துறந்தவராக இருந்தால், அவரைப் பழைய பெயர் சொல்லி இழுத்து வந்து எள்ளைக் காட்டுவது பாவம். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். அந்த நிலையில் கோடை முழுவதும் கழிந்தது. மடத்தில் விளக்கேற்றும்போது அப்பாவின் சமாதியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வார் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புரட்டாசி மகாளய அமாவாசையன்று அவரே கிளம்பினார். கமண்டல நாகநதியில் அந்த ஆண்டு ஓரமாகத் தண்ணீர் ஓடியது. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஐயர் தர்ப்பையைக் கொடுத்து, தகப்பனார் பெயரைச் சொல்லச் சொன்னார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஜல்தி பண்ணச் சொன்னார்கள்.

"ஐயரே, எல்லாம் முடிஞ்சப்பறம் கடைசியா ஒரு கை தண்ணி வுடுவீங்களே. அது மட்டும் வுடறேன்" என்றார் அண்ணன்.

தர்ப்பணத்தின் முடிவில், தாய் தகப்பன் உறவு என்று தண்ணீர் விட யாருமே இல்லாமல் போனவர்களுக்கென்று பெயர் சொல்லாமல் விடும் தண்ணீர் அது. ஐயர் திகைத்தார். "அது ஆருமில்லாதவங்களுக்குங்க. உங்க அப்பாவுக்குத்தான் நீங்க இருக்கறீங்களே."

"நான் இருக்கறனா இல்லியான்னே எனக்குத் தெரியல. அவரு யாருன்னும் தெரியல. தாகம் இருந்தா குடிக்கட்டும்."

ஐயர் மேற்கொண்டு கேட்காமல் மந்திரம் சொன்னார். அண்ணன் தண்ணீரை விட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "வாங்கிக்கினு இருப்பாரா?" என்று என்னைக் கேட்டார். எதையும் சான்று இல்லாமல் சொல்லக்கூடாது என்று வாழ்ந்தவள் நான். அன்று ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்து அண்ணியையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்: "எனக்குக் காவி வேணாம். முரளி கையால தீ வெய்யுங்க. வருசா வருசம் அவன் எம்பேரச் சொல்லி தண்ணி வுடட்டும். நான் பட்ட பாடு அவனுக்கு வேணாம்." இதுதான், சொந்தங்களே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

ஐப்பசியில் ஒரு காலை, அண்ணி ஆற்றிக் கொடுத்த காப்பியைக் கையில் பிடித்தபடியே அண்ணன் போய்விட்டார். அமைதியாகப் போனார் என்று எழுத ஆசைதான். கடைசி வாரமெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார். மடத்தார் அன்போடு காவித் துணி கொண்டுவந்தார்கள், அப்பாவுக்குப் பக்கத்தில் குழியும் தோண்டியிருந்தார்கள். அண்ணி வாசலில் நின்று, "அவரு கேட்டது நெருப்புங்க. தப்புன்னா அந்தத் தப்ப எம்மேல எழுதிக்கோங்க" என்றார். அந்தக் குழியை மூடும்போது மடத்தாருக்கு உண்டான வருத்தத்தை நான் அறிவேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் நாங்கள் எதிர்பாராத ஒன்று வந்தது. போனவரின் பிண்டத்தை அவருக்கு மேலே உள்ள மூன்று தலைமுறைப் பிண்டங்களோடு சேர்க்க வேண்டும். மூன்று பெயரையும் சொல்ல வேண்டும். முதல் பெயர் அப்பாவுடையது. அண்ணன் ஆற்றங்கரையில் சொல்லாமல் தப்பித்த பெயர். சந்நியாசியாக இருந்தால் அவரை விட்டுவிட்டு மேலே சேர்க்க வழி உண்டு என்றார் ஐயர். முரளி என்னைப் பார்த்தான்.

"அத்தை, தாத்தா பேரச் சொல்லட்டா?"

"எனக்குத் தெரியலடா" என்றேன்.

"தெரியலன்னா சொல்லிடறேன். நடுவுல வுட்டா எங்கப்பா தனியா நிப்பாரு" என்றான். சொன்னான்.

நோயில் கைகொடுத்த தெருக்காரர்களுக்கும், வேலூருக்கு ஒவ்வொரு முறையும் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டாருக்கும், கோபத்தோடும் வந்து தோள் கொடுத்த மடத்தாருக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சலவைக்கல்லில் முதல் சுவாமிகளின் குரு யார் என்ற இடத்தை அண்ணன் விருப்பப்படி வெறுமையாக விட்ட கமிட்டியாருக்குத் தனியாக நன்றி.

முரளி அந்தப் பெயரை உரக்கச் சொன்னபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்காம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுச் சடங்கு எதிலும் ஒலிக்காத பெயர். கண்ணைத் திறந்தபோது பிண்டங்கள் ஒன்றாகப் பிசையப்பட்டிருந்தன. எது அண்ணன், எது அப்பா என்று தெரியவில்லை. அந்தப் பெயரை இங்கேயும் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். பேனாவை எடுத்தேன். எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அப்பா என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.