நான் பிடுங்கிய போஞ்சி

இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் போட்ட மரக்கறியைப் பிடுங்கச் சொல்லித் தோட்ட நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. முதலில் பிடுங்கியது நான்தான். கணவரின் வேலை போய்விடுமோ என்று பயம். மகள் ஆசையாகச் சாப்பிடும் போஞ்சி, அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது.

எல்லோருக்கும் விதை கொடுத்துப் பயிரிடவைத்த மாதர் சங்கத் தலைவி செல்விக்கா தன் பாத்தியைத் தொடவேயில்லை.

"புள்ளைங்க திங்கிற கறி. வேணும்னா தொரையே வந்து பிடுங்கட்டும்!"

மறுநாள் சூப்பர்வைசர் என் வெறும் பாத்தியைக் காட்டி, "பாத்தீங்களா, படிச்ச புள்ள சொன்னா கேக்குது!" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குக் கூசியது.

"அக்கா, விதை இருக்கா?" என்று செல்விக்காவிடம் கேட்டு வாங்கினேன். சூப்பர்வைசர் பார்க்கப் பார்க்கவே ஊன்றினேன்.

இன்று கொடி கூரையைத் தொட்டுவிட்டது. இன்னும் பயம்தான். பயந்துகொண்டேதான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். பிடுங்க மட்டும் மாட்டேன்.