பல் டாக்டரின் இடது கை

பல் டாக்டருக்கு ஐம்பது வயது. அவருடைய இரண்டு கைகளில் வலது கைதான் படித்துப் பட்டம் வாங்கியது. இடது கை சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து வருஷமாக வேடிக்கை பார்த்துவந்தது. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சோம்பேறியின் யோக்கியதை ஊருக்குத் தெரிந்தது.

ஐந்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்தினார்கள். அதில் டிரம்ஸ் அடித்த எலும்பு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். "அதுக்கென்ன, நான் அடிக்கிறேன்!" என்று பல் டாக்டர் ஒரு விருந்தில் வாய் விட்டுவிட்டார். மறுநாளே கடையில் இருந்ததிலேயே பெரிய செட்டும், தோல் கையுறையும், கறுப்புக் கண்ணாடியும் வீட்டுக்கு வந்து இறங்கின. வாசிக்கத் தெரியாது என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை.

முதலில் பெரிய போர்டு வைத்த ஒரு மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ரத்தத்துல இருக்கணும் சார். பத்து வருஷம் ஆகும்" என்று உதட்டைப் பிதுக்கினார். படித்த மனுஷன், ஒரு பரிசோதனையாவது செய்து பார்க்க வேண்டாமா? அப்படியே நம்பிவிட்டு வந்து மூன்று மாதம் வீடியோ பார்த்தார். வாயில் நுழையாத அடிமுறைப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம் ஆயின. கைதான் வரவில்லை.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அவர் மனைவிதான் டீச்சரைக் கண்டுபிடித்தார். சலவைக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, உடைந்த டிரம் பெடலுக்குக் கம்பிக் கட்டு, தரை வழியாக ஏறிவரும் இஸ்திரிச் சூடு. டீச்சர் டாக்டரைவிடப் பதினைந்து வயது சின்னவர். பாட்டில் கம்பெனியில் எட்டு வருஷம் லேபிள் ஒட்டியவர். இரண்டு கையாலும் ஒட்டி ஒட்டித்தான் அவருக்கு இடது கை அப்படிப் பேசியது.

டாக்டர் தனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் வரிசையாக ஒப்பித்தார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல கஷ்டமானது ஒண்ணுமே இல்ல டாக்டர். பேர்தான் கஷ்டம். அதை விட்டுடுங்க. வலது கை பேரு வா. இடது கை பேரு போ. இப்ப சொல்லிக்கிட்டே அடிங்க. வா போ வா வா. போ வா போ போ."

மூன்று மாதம் தண்ணி காட்டியது இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கும்போது சலவைக் கடைக்காரரிடம் வலியப் போய் நலம் விசாரித்தார். அவர் பயந்துபோய் இன்னும் துணி தயாராகவில்லை என்றார்.

வீட்டுப்பாடமும் உண்டு. "இடது கையால பல் விளக்குங்க" என்றார் டீச்சர். ஒரே வாரத்தில் டாக்டருக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்தது. பல் விளக்கத் தெரியவில்லை என்று நோயாளிகளைக் காய்ச்சி எடுத்த மனுஷன், கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே மருந்து போட்டுக்கொண்டார்.

பாடம் தொடங்கிய எட்டாவது மாதம், குழுவின் தலைவரான கண் டாக்டர் ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். அதில் வலது கை மூன்று அடி அடிக்கும் நேரத்துக்குள் இடது கை இரண்டு அடி அடிக்க வேண்டும். பல் டாக்டரின் கைகள் ஒன்றையொன்று பார்த்து முழித்தன.

"சனிக்கிழமை ஒத்திகைக்குள்ள இது வரலைன்னா தாளத்துக்கு லேப்டாப் வெச்சுக்கலாம். அது சீன் போடாது" என்றார் கண் டாக்டர்.

லேப்டாப்பிடம் இடத்தைப் பறிகொடுப்பதா! டாக்டர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஓடினார். விஷயத்தைக் கேட்ட டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "போ வெளியே."

டாக்டர் எழுந்துவிட்டார்.

"ஐயோ, உங்களை இல்ல டாக்டர், உக்காருங்க! அதான் பாடம். 'போ'வுக்கு ரெண்டு கையும். 'வெ' வலது, 'ளி' இடது, 'யே' வலது. நீட்ட வேண்டியதை நீட்டி, குறுக்க வேண்டியதைக் குறுக்கி, கோபமா இருக்கும்போது எப்படி வருமோ அப்படியே சொல்லுங்க. கை பின்னாலயே வரும்."

வந்தது! அசடு வழியச் சிரித்துக்கொண்டே ஒரு மணி நேரம் அடித்தார்.

அந்தச் சந்தோஷத்தைக் கிளினிக்குக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் வம்பு. ஊசி போட்டு, மரத்துப்போவதற்காக ஒரு தலைமையாசிரியரைக் காத்திருக்க வைத்திருந்தார். நாற்காலிக் கைப்பிடியில் விரலால் தட்டியபடி, "போ வெளியே, போ வெளியே" என்று முணுமுணுத்தார். பிறரை வெளியே அனுப்பியே பழகிய தலைமையாசிரியர், வாயில் பஞ்சோடும் கழுத்தில் துண்டோடும் எழுந்து நடந்துவிட்டார். டாக்டரின் மனைவி தெருமுனை வரை ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார்.

சனிக்கிழமை பல் டாக்டர் பிசிறில்லாமல் அடித்தார். கண் டாக்டர் லேப்டாப்பை மூடினார்.

"யாருய்யா கத்துக் குடுத்தா?"

சலவைக் கடை மாடி, லேபிள் ஒட்டியவர், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இதையெல்லாம் அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. "யாரும் இல்ல, தானா வந்துச்சு" என்றார்.

"அப்படியா? அப்ப விழாவுல ரெண்டு நிமிஷம் நீ மட்டும் தனியா வெளுத்து வாங்கு!"

வாய்க்கொழுப்புக்குக் கிடைத்த கூலி அது. திங்கட்கிழமை டீச்சர் முன்னால் உட்கார்ந்து, அந்த இரண்டு நிமிஷத்தைச் சொல்லித்தரும்படி கெஞ்சினார். திடீரென்று இது எதற்கு என்று டீச்சர் குடைந்து கேட்டதில் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "எட்டு வருஷம் பாட்டில்ல கம்பெனி பேரை ஒட்டினேன் டாக்டர். அது கூலி வேலை, போகட்டும். இது நான் கத்துக் குடுத்தது. அவருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க. சொன்னா ரெண்டு நிமிஷத்தையும் நான் வர வெக்கிறேன். இல்லைன்னா அதுவும் தானாவே வரட்டும்."

"கஷ்டம் டீச்சர்" என்றார் டாக்டர்.

"கஷ்டமே இல்ல. மூணே வார்த்தை. எனக்கு. டீச்சர். இருக்காங்க. முதல்ல மெதுவா. நான் தாளம் போடுறேன்." டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்ட ஆரம்பித்தார்.

டாக்டர் போன் போட்டார். "எனக்கு…" என்றார். ஒரு தட்டு. "டீச்சர்…" இன்னொரு தட்டு. "இருக்காங்க. தானா வரல. எல்லாம் அவங்க கத்துக் குடுத்தது."

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. "அதானே பார்த்தேன்! சரி விடு. நல்லவேளை, நோட்டீஸ் இப்பதான் அச்சுக்குப் போகுது. அவங்க பேரையும் போட்டுடலாம். பேர் என்ன?"

டாக்டர் வாயைத் திறந்தார். 'டீச்சர்' என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. வாரம் இரண்டு நாள், எட்டு மாதம், இதே நாற்காலி. பெடலின் கம்பிக் கட்டில் எத்தனை சுற்று என்றுகூட அவருக்குத் தெரியும்.

"ஹலோ? பேர் என்னய்யா?"

டாக்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தட்டுவதை நிறுத்தினார்.

"இதை நான் சொல்லித்தர மாட்டேன் டாக்டர். நீங்களா கேளுங்க."