லீவுல வந்த ஆர்டர்லி

பட்டாளத்துக்காரன் பொண்டாட்டின்னா நெய்வேலியில அப்ப ஒரு தனி மரியாதை. சீனாக்காரன் சண்டை முடிஞ்ச புதுசு. ரேஷன் கடையில கூட "நீ முன்னாடி வாம்மா"ன்னு வழி வுடுவாங்க. எனக்குப் பத்திக்கினு வரும். புருஷன் மொகத்தை வருஷத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ஒரு மாசம்னு பாக்கறவளுக்கு மரியாதை ஒரு கேடா?

அந்த லீவுல வந்தப்போ அவரே சொன்னாரு: "இந்த வருஷத்தோட என் கையெழுத்து முடியுது. மறுபடி போட்டாத்தான் பட்டாளத்துல இருக்கணும். நான் போடப் போறதில்ல. மைன்ஸ்ல வாட்ச்மேன் வேலை கெடச்சா இங்கியே இருந்துடலாம்." எனக்கு அப்ப ஆறு மாசம். எங்க நெலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கினப்புறம் பக்கத்து ஊரு வடக்குத்துல ஒரு கூரை வூட்டுல அப்பாவோடதான் இருந்தேன். பெர்மனென்ட் வேலைன்னா குவார்ட்டர்ஸ், கொழாய்த் தண்ணி, புள்ள பொறக்கறப்ப அதோட அப்பன் பக்கத்துல. கேட்டதும் அழுதே புட்டேன்.

டவுன்ஷிப்புல ஒரு ரிட்டையர்டு மேஜர் குடியிருந்தாரு. வேலைக்கு ஆள் எடுக்கறவங்ககிட்ட அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும்னாங்க. நானும் கூடப் போனேன். வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. இவர் போனதும் வெறைப்பா நின்னு சல்யூட் அடிச்சாரு. மேஜர் மேலயும் கீழயும் பாத்துட்டு, "யூனிட்ல என்ன வேலை?"ன்னாரு.

"ஆர்டர்லி, சார்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. துப்பாக்கி புடிச்சிக்கினு எல்லையில நிக்கறாருன்னுதானே ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்! ஆர்டர்லின்னா ஆபீசர் வூட்டு எடுபிடின்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. "காலையில வா, பாக்கலாம்"னாரு மேஜர். இவர் போனாரு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாரு. மறுநாளும் போனாரு, துணி தொவச்சாரு, மேஜர் பொண்டாட்டி பொடவைக்கு இஸ்திரி போட்டாரு. நாய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாரு. எனக்குன்னு வந்த லீவுல பாதி இப்படியே போச்சு.

"ஏங்க, வேலை கேக்கப் போனீங்களா, வேலைக்காரனா போனீங்களா?"ன்னு ஒரு நாள் கத்திட்டேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பட்டாளத்துல இதான் வழக்கம். ஆபீசர் மனசு குளுந்தாத்தான் காரியம் ஆவும்."

சொல்றப்ப அவருக்குக் கோவமும் இல்ல, வெக்கமும் இல்ல. அதுதான் எனக்கு எரிச்சல். எங்க வூட்டுல ஒரு சொம்பை நகத்தி வச்சதில்ல மனுஷன், அங்க அடுத்தவன் பொண்டாட்டி செருப்பைத் தொடச்சு வைக்கறாரு. நாட்டைக் காப்பாத்தணும்னு கூட்டிக்கினு போயி, நல்ல ஆம்பளைய இப்படி ஆக்கி அனுப்பறதுக்கு ஒரு சர்க்காரு, ஒரு கொடி, ஒரு பேண்டு வாத்தியம். தூ!

லீவு முடிய நாலு நாள் இருக்கறப்ப, "இன்னிக்குக் கேட்டே ஆவணும்"னு நானும் கூடக் கெளம்பினேன். மேஜர் நல்ல சந்தோஷத்துல இருந்தாரு. "உன்னை மாதிரி ஆர்டர்லி இப்பல்லாம் கிடைக்க மாட்டான்ப்பா. என் ஃப்ரெண்டு ஒருத்தர் கர்னலா இருக்கார், நல்ல ஆள் வேணும்னு கேட்டுட்டே இருந்தார். உன்னை அவர்கிட்ட மாத்தச் சொல்லி லெட்டர் போட்டுட்டேன். நீ போனதும் மறுபடி கையெழுத்துப் போட்டுடு."

நான் இவர் மொகத்தையே பாத்தேன். வேணாம்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். அந்த மேஜர் இவருக்குச் சம்பளம் குடுக்கறவர் இல்ல. பட்டாளத்துலயே இல்லாத கெழவன். கையெழுத்துப் போடறதும் போடாததும் இவர் இஷ்டம்.

குதிகால் ரெண்டும் டக்குனு சேந்துச்சு. "யெஸ் சார்!"

"வாட்ச்மேன் வேலை என்னாச்சுங்க?"ன்னு நான்தான் கேட்டேன். மேஜர் என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல. இவர்கிட்ட, "கூட்டிட்டுப் போ"ன்னாரு. அதுக்கும் இவர் ஒரு சல்யூட் அடிச்சாரு.

வழியெல்லாம் அழுதுகினே திட்டினேன். "வேணாம்னு சொல்ல வாயில்லியா உங்களுக்கு? வயித்துல இருக்கற புள்ளைக்காகவாவது சொல்லக் கூடாதா?"

சைக்கிளைத் தள்ளிக்கினு வந்தவரு நின்னுட்டாரு. திருப்பித் திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல.

"ஆபீசர் சொல்றப்போ வேணாம்னு எப்படிச் சொல்றது?"ன்னாரு.

சாக்கு சொல்லல அவரு. நெஜமாவே தெரியாமத்தான் என்கிட்ட கேட்டாரு.