அடித்துவிட்ட பள்ளம்

வானாய்வு நிலையத்தில் வேலை என்றதும், விடிய விடிய நட்சத்திரம் பார்ப்பவள் என்றுதான் உறவுக்காரர்கள் அவளை நினைக்கிறார்கள். அவளுக்கோ ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரைதான் வேலை. முந்தைய இரவு தொலைநோக்கி அளந்த நட்சத்திர ஒளி, கோடு கோடாகத் திரையில் வரும். கோட்டில் எங்காவது பள்ளம் விழுந்தால், அது மேகமா, கருவிக் கோளாறா, இல்லை நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கோள் கடந்து போனதா என்று பார்க்க வேண்டும். பொய்ப் பள்ளத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட வேண்டும். பதினோரு வருடமாக அடித்து அடித்தே ‘கத்தரி’ என்று பெயர் வாங்கிவிட்டாள்.

அந்த வாரம் ஆய்வுக்குழுத் தலைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. சூரியனைப் போன்ற தொலைதூர நட்சத்திரம் ஒன்று, இருநூற்றுப் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே அளவு மங்கியிருந்தது. மூன்று பள்ளம் இருந்தால்தான் கோள் என்று அறிவிக்கலாம். அடுத்தது மழைக்காலத்தில் வரும். மேகத்தில் ஒன்றும் தெரியாது. அதற்குள் வேறு குழு முந்திக்கொள்ளும்.

“முதல் பள்ளத்துக்கு இருநூத்திப் பதினொரு நாள் முன்னாடி என்ன இருக்குன்னு பாரும்மா” என்றார்.

பார்த்தாள். அந்த இரவு முழுவதும் ‘கண்ணாடி கழுவிய நாள்’ என்று அடிக்கப்பட்டிருந்தது. அடித்தது அவள்தான்.

தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழுவினால் அன்று அளவுகள் ஆட்டம் காணும். ஆனாலும் பக்கத்து நட்சத்திரங்களும் சேர்ந்து மங்கினவா என்று பார்த்த பிறகே அடிக்க வேண்டும். கழுவிய நாள்களை அவள் பார்க்காமலே அடித்துத் தள்ளியிருந்தாள். அடித்தாலும் மூல அளவு அழியாது. இப்போது எடுத்துப் பார்த்தாள். பக்கத்து நட்சத்திரங்கள் இம்மியும் அசையவில்லை. அது ஒன்று மட்டும் அதே ஆழத்துக்கு இறங்கி ஏறியிருந்தது.

அவள் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு, கையெழுத்துக்காகத் தலைவியின் மேஜையில் கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி கழுவுபவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

“என் தலையில போட்டுடு. நான் சரியாக் கழுவலன்னு சொல்லு. மிஞ்சிப்போனா என்னை ஜன்னல் கழுவ அனுப்புவாங்க” என்றார் அவர்.

“நீங்க ஒழுங்காத்தான் கழுவியிருக்கீங்கண்ணே. அதான் பிரச்சினையே.”

மதியம் தலைவியின் அறைக்குப் போய் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மூன்றாவது பள்ளத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றது அவர் காதில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது.

“பாக்காமலா அடிச்சே?”

“ஆமா மேடம்.”

“இது ஒண்ணுதானா?”

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“இல்ல மேடம். கழுவின நாள் எல்லாமே. நூத்தி முப்பது இருக்கும்.”

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “போ. அப்புறம் பேசறேன்.”

மூன்று மாதத்தில் கோளை அறிவித்தார்கள். வெறும் வாயுக் கோளம். கால் வைக்க இடமில்லை. அவளுடைய கோப்பு ‘ஒரு வருடம் கழித்துப் பரிசீலிக்கலாம்’ என்ற குறிப்போடு திரும்பியது. அந்த நூற்று முப்பது இரவுகளையும் அவளே மறுபடி பார்க்க வேண்டும். இரவுக்கு நானூறு நட்சத்திரம். நாற்பத்திரண்டாவது இரவு வரை வந்திருக்கிறாள். இன்னொரு பள்ளம் அகப்படவில்லை. அது நிம்மதியா, ஏமாற்றமா என்று கேட்டால், “ரெண்டும் இல்ல, கழுத்து வலி” என்கிறாள்.