நீங்களும் இலை பார்க்கவா?

வெர்னா கணவரின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, அவரைக் காரில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். ஆல்டனுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று மறுநாள் காலைக்குள் சொல்லியாக வேண்டும்.

மலைப்பாதை நெடுக மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அமெரிக்காவின் வெர்மான்டில் அக்டோபர் வந்தால், இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வரும் வெளியூர்க் கார்கள்தான் எங்கும்.

"பாரு வெர்னா, நட்டநடு ரோட்டுல நிறுத்திட்டு இலையைப் போட்டோ எடுக்குதுங்க! அவங்க ஊர்ல மரமே கிடையாதா?" என்றார் ஆல்டன்.

அவள் சிரித்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஏரிக்கரைக் கடையில் டோனட் வாங்கிக்கொண்டு வந்து கார் கதவைத் திறந்தாள். ஆல்டன் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்.

"வாங்கம்மா. நீங்களும் இலை பார்க்க வந்தீங்களா? எந்த ஊரு?"

"பக்கத்துலதான்" என்றாள், நாற்பத்தாறு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். டோனட்டைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள். மரங்களை மறுபடி பார்த்தாள். மனதில் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இல்லத்துக்குப் போன் செய்து, சரி என்றாள். பிறகு, இல்லத்தில் துணி மாறிப்போகாமலிருக்க, அவருடைய சட்டைக் காலர்களில் பெயர்ப்பட்டி தைக்க உட்கார்ந்தாள்.