டெமோ கிளாஸில் தூக்கிய கைகள்

கஞ்சி போட்ட காட்டன் புடவை. நடந்தால் மொறமொறவென்று சத்தம். கழுத்துப் பக்கம் பார்டர் குத்திக்கொண்டே இருந்தது... அந்த அரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்டர்வியூவுக்கு என்று அம்மா டி.நகரில் எடுத்துக்கொடுத்த புடவை. துவைக்காமல் கட்டாதே என்றாள். நான் கேட்டால்தானே!

மயிலாப்பூரில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே பி.ஏ. எகனாமிக்ஸ் முதலாண்டுக்குத் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தோடு என் காலம் முடிகிறது. அதே வகுப்புக்கு நிரந்தர வேலை ஒன்று வந்தது. கிடைத்தால் அந்தப் பிள்ளைகளோடு இருக்கலாம், இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். நான் பாடம் எடுத்த முதல் வகுப்பு அது. எனக்கு விட்டுப்போக மனசே இல்லை.

வேலைக்கு டெமோ கிளாஸ் எடுக்கவேண்டும். நாம் பாடம் நடத்துவோம், பெரியவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். எச்.ஓ.டி மேடத்துக்கு என்மேல் கொஞ்சம் பிரியம். என் சொந்த வகுப்பையே உட்காரவைத்து, போன வாரம் நடத்தி முடித்த பணவீக்கத்தையே தலைப்பாகக் கொடுத்துவிட்டார். "ஒண்ணும் பயந்துண்டு நிக்காதே, ஜமாய்ச்சுடு" என்று முதுகில் தட்டினார்.

எனக்கு எப்படியாவது வேலை வாங்கிக்கொடுத்துவிடவேண்டும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

முதல் கேள்வி கேட்டேன். வகுப்பே கை தூக்கியது! ஜன்னல் ஓரத்தில் தூங்குவதற்கென்றே கல்லூரிக்கு வருகிற சதீஷ் எழுந்து நின்று, புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். நான் "வெரி குட்" சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிசையில் ஒருத்தி எழுந்தாள். அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள். நான் அந்தக் கேள்வியை இன்னும் கேட்கவே இல்லை!

அடப்பாவிகளா...

மார்க் போட வெளியிலிருந்து வந்து பின்னால் உட்கார்ந்திருந்த எக்ஸ்பர்ட் பேனாவை மூடினார். "என்னம்மா, எல்லாம் முன்னாடியே செட் பண்ணிட்டு வந்தாச்சா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "செட்டப் எல்லாம் இல்ல சார். போன வாரம் நடத்தின பாடம், அதான். நடத்தாததா ஒண்ணு குடுங்க, எடுக்கறேன்."

எச்.ஓ.டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லா ஆஃப் டிமாண்ட் எடுங்க" என்றார் அவர்.

எடுத்தேன். விலை ஏறினால் வாங்குவது குறையும், விலை குறைந்தால் வாங்குவது கூடும். போர்டில் கோடு போட்டு, அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜெனிஃபர் எழுந்தாள். பட்டினப்பாக்கத்துப் பெண், அவள் அம்மா அங்கே மீன் விற்கிறார். இந்த முறை உதவி இல்லை, நிஜமான சந்தேகம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மிஸ், வெல கொறஞ்சா ஜனம் வாங்கும்ன்றீங்க. சாயங்காலத்துல எங்கம்மா பாதி வெலைக்குக் குடுத்தா கூட மீனு வாங்க ஆளில்ல மிஸ். அது இன்னாது?"

பின் பெஞ்சில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவளிடம் கதை விட வாய் வரவில்லை.

"தெரியலம்மா. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நாளைக்கு நான் எங்கே இருப்பேனோ!

சாயங்காலம் மாடவீதி வழியாக நடந்து வந்தேன். கீரைக்கார அம்மா கூப்பிட்டார். "பாதி வெலைக்கு எடுத்துக்கோ கண்ணு." வாடிப்போன கட்டு. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நாலு எட்டு நடந்தவள், அப்படியே நின்றேன். காலையில் விற்றதும் இப்போது விற்பதும் பெயரளவில்தான் ஒன்று! வாங்குகிறவளுக்கு இது வேறு பொருள். விலை குறைந்ததும் அவளுக்குச் சந்தேகம்தான் கூடுகிறது. சந்தோஷத்தில் திரும்பிப் போய் ரெண்டு கட்டு வாங்கிவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் நல்ல திட்டு.

மறுநாள் காலை எச்.ஓ.டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. "நாமெல்லாரும் சேர்ந்து ரொம்ப ஹெல்ப் பண்ணிட்டோம்டி" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஜெனிஃபரை இன்டர்வெல்லில் வராந்தாவில் பிடித்தேன். கீரைக்கட்டுக் கதையைச் சொல்லி, மீனுக்குக் கொண்டுவந்து விளக்கினேன். தலையாட்டிக் கேட்டாள். பிறகு மெதுவாக, "அத்த உடுங்க மிஸ். வேல கெடச்சிச்சா?"

"இல்லடி."

"நாங்க கையத் தூக்காம கம்முனு இருந்திருக்கணும்... இல்ல மிஸ்?"

"அடி போடி லூசு" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று பாத்ரூம் பக்கம் போய்விட்டேன். அங்கே போய் அழுதேன், அது வேறு விஷயம்.

இப்போது அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறேன். டெமோ நடந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுகிற ஆள் நான்தான். ஸ்மார்ட் போர்டு, பி.பி.டி, கலர் கலராக வரைபடம். அவரவர் சொந்த வகுப்பை உட்காரவைக்கக் கூடாது என்று ரூல். நான் சொல்லிக் கொண்டுவந்த ரூல்தான் அது. சரியான ரூல், இன்றைக்கும் மாற்றமாட்டேன்.

போன மாதம் ஒரு பையன் டெமோவுக்கு வந்தான். நன்றாகத்தான் எடுத்தான். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்றான். வேறு டிபார்ட்மென்ட் பிள்ளைகள், பாதிப் பேர் மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. சாக்பீஸ் இல்லாத காலம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விரலைச் சொடுக்கிக்கொண்டு நின்றான் பாவம்...

பக்கத்தில் இருந்த பிரின்சிபால் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன்.

நான் கை தூக்கியிருந்தேன்.