பிரைமர் அண்ணனின் கன்னம்

கேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். கண்ணை மூடி, கன்னத்தை இரும்பில் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழுக்கிறார். மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, கேட்டுக்கு முத்தம் குடுக்கறியா?" என்று சிரிக்கிறார். இவர் கண்ணைத் திறக்காமலே, "துரு பாக்கி இருக்கான்னு கேக்கறேன் சார்" என்கிறார்.

இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். உப்புத்தாளும் தின்னரும் தின்றது போக அவர் விரல் நுனியில் மிச்சமிருப்பது வெறும் காய்ப்பு. அதற்குச் சொரசொரப்பு தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். அதனால் விடிந்ததும் முதல் வேலை சவரம்தான். புது மாப்பிள்ளைகூட அப்படி வழித்துக்கொள்ள மாட்டான். "முடி இருந்தா அதுதான் குத்தும். இரும்பு சொல்றது கேக்காது" என்பார்.

துருவைச் சுரண்டாமல், துரு தடுக்கும் முதல் பூச்சான பிரைமரை அடிக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "அழுக்கு மேல பவுடர் போடறியே, உள்ள தின்னுக்கிட்டே இருக்கும்யா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். பிரைமர் அண்ணன் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். யார் வீட்டுக் கேட்டானாலும் போகிற வழியில் நின்று, நகத்தால் பெயிண்டைப் பெயர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அதற்காக நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு.

இப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

அவர் மனைவி சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகின்றன. ஒருமுறை ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, சுவரில் இருந்த படத்தைக் காட்டி நர்ஸ் விளக்கினாள். ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற உள்ளே ஒருவித ஆக்சிஜனேற்றம் கூடும், ரத்தக்குழாயும் நரம்பும் கெடும், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி. அதை எதிர்க்கிற சத்துதான் விட்டமின் சி, ஈ எல்லாம். அவள் சொன்னது அவ்வளவுதான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "அட, இது நம்ம டிபார்ட்மெண்டு!"

வீடு திரும்புகிற வழியிலேயே மருந்துக்கடையில் இரண்டு பாட்டில் வாங்கிவிட்டார். காலையில் ஒரு புளிப்பு மாத்திரை, ராத்திரி எண்ணெய் நிறத்தில் ஒரு கேப்சூல் மாத்திரை, இரண்டையும் தன் கையாலேயே கொடுப்பார். "இதுதாம்மா உனக்கு ரெட் ஆக்சைடு பிரைமர்." அவர் பேச்சில் இருந்த தெம்பில் அவளும் மயங்கிப்போனாள். "அந்தச் சர்க்கரை மாத்திரை வயித்தைப் பொரட்டுதுங்க. அதான் இது இருக்கே, அது எதுக்கு?" என்றாள். "சரி, விடு" என்றார். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

செருப்புக்குள் விழுந்த கூழாங்கல்லை மிதித்தபடியே ஒரு நாள் முழுக்கத் துணி தேய்த்திருக்கிறாள். வலியே தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "விட்டமின் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லை. காய்லயும் பழத்துலயும் அது வரட்டும். ஆனா இந்த பாட்டில் சர்க்கரையைக் குறைக்காதுங்க. சர்க்கரையை ஏற விட்டுட்டு வேற எதைக் குடுத்தும் காலைக் காப்பாத்த முடியாது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா விரலை எடுத்திருப்போம்." பிறகு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "தெரியுதா?" "இல்லைங்க." "இங்க?" "இல்லைங்க." 

திரும்பும்போது பஸ்ஸில் அவர் மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் தோளில் இடித்தாள். "என்னங்க, சுரண்டாமயே பிரைமர் அடிச்சிட்டீங்களா?" சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. முன் சீட்டுக் கம்பியில் பெயிண்ட் உரிந்து தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை.

புண் ஒருவழியாக ஆறிவிட்டது. சர்க்கரை மாத்திரை திரும்ப வந்துவிட்டது. வயிற்றைப் புரட்டாதபடி டாக்டரம்மா வேறு மாற்றிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரையும் மெல்ல இறங்குகிறது. தினமும் பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்பது உத்தரவு. கண்ணையும் விரலையும் அண்ணன் நம்புவதில்லை. இதற்காகவே இப்போது சாயங்காலமும் ஒரு சவரம். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் சம்மணம் போட்டு, கழுவித் துடைத்த பாதத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து மெல்ல இழுப்பார். முதல் நாள் அவள் பதறிப்போனாள். "ஐயோ, காலைப் போயி... யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க?" "சும்மா இரும்மா. வேலை நேரத்துல பேசக் கூடாது."

முடித்ததும் தினமும் கேட்பார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" தினமும் அவள் தலையை ஆட்டுவாள். கேட்கும்போது அவர் முகத்தில் வருகிற ஆசையும், பதில் வந்ததும் அது வாடுவதும் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

நேற்று கேட்பதற்கு முன்னாலேயே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "தாடி குத்துதுங்க. ஒழுங்கா ஷேவ் பண்ணிட்டு வாங்க!"

அப்போதுதான் வழித்த கன்னம். சோப்பு வாசனைகூடப் போகவில்லை.

"நாளைக்கு நல்லா பண்ணிடறேம்மா" என்றார். அடுத்த பாதத்தைத் தூக்கி மறு கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.